ஒரு சுற்று அதிகம்



சென்ற ஷஅபான் மாதத்தின் நடுவில் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து மக்கள் கலைந்தபின், எங்கள் சிவகிரிப் பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்தில் நாங்கள் நால்வர் ஒரு லிட்டர் அளவுக் குவளையோடு அமர்ந்தோம். பதினெட்டுக் குழாய்களில் ஐந்து, மூடியபின்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைத் திறந்து குவளையைப் பிடித்தோம். ஏழு நொடிகளில் நிறைந்துவிட்டது. எங்களில் ஒருவர் வழக்கம்போல் உளூச் செய்ய, விழும் நீரை வாளியில் பிடித்து அளந்தோம். ஆறு லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவே முத்து. ஹிஜாஸ் அளவின்படி அது முக்கால் லிட்டருக்குள் அடங்கும். ஹனஃபி அறிஞர்களின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆறு மடங்குக்குக் குறையாமல் நாங்கள் வடிகாலில் விட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் மோட்டார் போட்டு, மின்சாரம் செலவழித்து, ஜமாஅத்தின் பணத்தில் மேலேற்றிய நீர்.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை கண்ணெதிரே நிற்பதால் தண்ணீருக்கு என்ன குறை என்று வெளியூரார் நினைப்பதுண்டு. கோடையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை ஊர் வழியே போவதால், ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலுக்குச் செல்லும் குடும்பங்கள் வண்டியை நிறுத்தித் தொழுதுவிட்டுப் போவார்கள். அந்நாட்களில் மேல்தொட்டி ஒரே நாளில் இருமுறை காலியாகும்.

ஆகவே பழைய குழாய்களைக் கழற்றிவிட்டு, அழுத்தினால் திறந்து சில நொடிகளில் தானே மூடிக்கொள்ளும் குழாய்களை மாட்டுவது என்றும், அவற்றின் வாயில் நீரைக் காற்றோடு கலந்து குறைவாக விடும் சல்லடை முனைகளைப் பொருத்துவது என்றும் ஜமாஅத்தில் முடிவாயிற்று. கூலியை மிச்சப்படுத்தினால் அந்தப் பணத்திலேயே முனைகளை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, வேலையை நாங்களே செய்கிறோம் என்று முன்வந்தோம். எங்களில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் எலுமிச்சை வியாபாரி, இருவர் கல்லூரி மாணவர்கள். குழாய் வேலை தெரிந்தவர் எவருமில்லை. ஆனால் ஆர்வத்துக்குக் குறைவில்லை, காணொளிகளுக்கும் குறைவில்லை.

துருவோடு ஒரு பகல்

உளூ இடத்துக்கு இரு சுவர்கள். கிழக்குச் சுவரில் பழைய காலத்து ஜிஐ இரும்புக் குழாய். பிற்பாடு விரிவாக்கிய மேற்குச் சுவரில் சிபிவிசி குழாய். ஒவ்வொரு வாயிலும் பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் எல்போ. இந்த வேறுபாட்டை அன்று நாங்கள் பொருட்படுத்தவில்லை. பின்னால் நேர்ந்ததெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து வந்ததுதான்.

இரும்புச் சுவரிலிருந்து தொடங்கினோம். முதல் குழாய் அசையவே இல்லை. துருவும் உப்புப் படிவும் சேர்ந்து மரைகளை ஒரே கட்டியாக்கியிருந்தன. ரெஞ்சைப் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் தொங்கினோம். அப்போது, வாழ்நாளெல்லாம் வயல்வெளிகளில் பம்புசெட் பழுதுபார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர், அஸருக்கு முன்னமே வந்து திண்ணையில் அமர்ந்திருந்தவர், மெல்ல எழுந்து வந்தார். “தம்பி, நீங்க கொழாயைத் திருப்பல. சுவத்துக்குள்ள இருக்கிற எல்போவைச் சேர்த்துத் திருப்புறீங்க. அது உள்ளேயே முறிஞ்சா சுவரை இடிக்கணும்” என்றார்.

அவர் கற்றுத் தந்த முறை எளியது. மூட்டில் மண்ணெண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் சிறு சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு இரண்டு ரெஞ்சுகள் வேண்டும். ஒன்று எல்போவை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று குழாயைத் திருப்ப. பிடிப்பவர் பலம் காட்டவேண்டியதில்லை. விடாமல் இருந்தால் போதும். எதிர்த்திசையில் திருப்புமுன் சற்றே இறுக்கும் திசையில் அசைத்துக் கொடுத்தால் துருவின் பிடி உடையும் என்றும் சொன்னார். மறுநாள் அவ்வாறே செய்தோம். மூன்று மணி நேரத்தில் ஒன்பது பழைய குழாய்களும் கழன்றன. இரண்டுக்கு மட்டும், ரெஞ்சின் கைப்பிடியில் இரண்டடி நீள இரும்புக் குழாயைச் செருகி நீட்டித் திருப்ப வேண்டியிருந்தது. கைப்பிடி நீண்டால் அதே கைவிசை பலமடங்காகும். அந்த இரண்டடிக் குழாயை வேலை முடிந்ததும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நாங்கள் கையிலேயே வைத்துக்கொண்டோம்.

மரை என்னும் அளவு

கடையில் அரை அங்குலக் குழாய் என்று கேட்கிறோம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதன் மரையில் அரை அங்குலம் எங்கும் இராது. வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். நீர் செல்லும் உள்துளையை வைத்து இட்ட பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஓர் அங்குல நீளத்தில் 14 மரைகள். மரையின் பற்கள் ஒன்றோடொன்று அமையும் கோணம் 55 பாகை. 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் திருகாணிகளுக்கு முன்மொழிந்த அதே கோணம். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் மரையில் ஏறாது. இன்று சிவகிரியில் வாங்கிய குழாய் ராஜபாளையத்தில் வாங்கிய எல்போவில் மறுபேச்சின்றி ஏறுகிறதென்றால், எல்லாரும் ஓர் அளவுக்குக் கட்டுப்பட்டதால்தான்.

நீர் கசியாமல் நிற்க வேண்டிய மரைகள் சற்றே கூம்பாக வெட்டப்படுகின்றன. 16 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விட்டம் கூடும். ஆகவே திருகத் திருக, ஆப்பு இறங்குவதுபோல் இறுகும். 14 மரைக் கணக்கில் ஒரு முழுச் சுற்றுக்குக் குழாய் உள்ளே நகர்வது ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர், அதற்குள் விட்டம் பெருகுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மிகச் சிறிய அளவுதான். ஆனால் ஏற்கெனவே இறுகிய மூட்டில் அந்தச் சிறிய அளவைச் சுற்றியுள்ள எல்போதான் தாங்க வேண்டும். இரும்பு எல்போ பெரும்பாலும் தாங்கும். பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளை வளையம் விரிந்தால் பிளாஸ்டிக் பிளக்கும்.

இது எங்களுக்கு அப்போது தெரியாது. பிறகு கற்றுக்கொண்டோம்.

சூரா ஸபஃவில் தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்ததைச் சொல்லும் இடத்தில், கவசங்களின் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு அவர்களுக்கு இட்ட கட்டளையும் வருகிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். இரும்பை மென்மையாக்கியது அற்புதம் என்று வியந்திருக்கிறோம். அதற்கு அடுத்து வரும் அளவைப் பற்றிய கட்டளையில் நின்று யோசித்ததில்லை. இரும்பு வசப்பட்ட ஒரு நபிக்கே அளவு கற்பிக்கப்பட்டது என்றால், ரெஞ்சு கிடைத்த நமக்கு அது எவ்வளவு தேவை!

ஏழாவது குழாய்

கிழக்குச் சுவரில் புதிய குழாய்களை நன்றாகவே மாட்டினோம். முதலில் எல்போவின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். குழாயின் மரைமுனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரமுள் செல்லும் திசையில் டெஃப்லான் டேப்பை இழுத்துப் பிடித்து ஆறேழு சுற்றுகள் சுற்றினோம். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உரிந்து வந்துவிடும். மரை கோணலாக ஏறாதிருக்கப் பெரியவர் ஓர் உபாயம் சொன்னார். முதலில் கையால் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரு மரைகளின் தொடக்கங்களும் சந்திக்கும் இடத்தில் குழாய் ஒரு மயிரளவு உள்ளே விழுவதை விரல் உணரும். அங்கிருந்து இறுக்கத் தொடங்கினால் பிசகாது.

மேற்குச் சுவரில் மூன்று எல்போக்கள் பழுதாகியிருந்ததால், ஓடு பெயர்த்துப் புதியவற்றை ஒட்டி, பசை காய ஒரு நாள் விட்டோம். மறுநாள் குழாய்களை மாட்டத் தொடங்கினோம். ஆறு முடிந்தது. ஏழாவது குழாய், புதிய எல்போ ஒன்றில், நன்கு இறுகி நின்றபோது அதன் வாய் கீழே பார்க்கவில்லை. கீழ்நோக்கைச் சற்றே கடந்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

குழாய் மாட்டியவர்கள் அனைவரும் இந்த இடத்தை அறிவார்கள். சற்றுப் பின்னோக்கித் திருப்பினால் வாய் நேராகும். ஆனால் டெஃப்லான் டேப் சுற்றிய மூட்டைப் பின்னோக்கித் திருப்பினால் கசியும். முன்னோக்கித் திருப்பினால் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று செல்ல வேண்டும். சரியான வழி மூன்றாவது: முழுவதும் கழற்றி, பழைய டேப்பை உரித்து, சுற்றுகளைக் கூட்டியோ குறைத்தோ மீண்டும் மாட்டுவது. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். மஃக்ரிப் பாங்குக்கு நேரம் நெருங்கியிருந்தது. இரண்டடிக் குழாய் கையருகே கிடந்தது.

செருகினோம், திருப்பினோம். இரும்புச் சுவரில் பழகிய கை. குழாயின் வாய் சுற்றி வந்து நேராக நின்றபோது சுவருக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டது.

நால்வரும் கேட்டோம். எவரும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தோம், சொட்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, சுவர்த் தகட்டை அழுத்தி மூடிவிட்டு எழுந்தோம். மீதிக் குழாய்களை இஷாவுக்குப் பின் முடித்தோம். இமாம் அவர்கள் வந்து பார்த்து துஆச் செய்தார்கள்.

ஃபஜ்ர் வேளையில் மோதினார் எங்களை அழைத்தபோது மேல்தொட்டியில் ஒரு சொட்டு நீரில்லை. இரவில் தொட்டி நிரம்பி அழுத்தம் ஏறியதும் விரிசல் வாய் திறந்திருக்கிறது. நீர் தகட்டின் பின்னாலிருந்து இறங்கி வடிகாலில் ஓசையின்றி ஓடியிருக்கிறது. நீரை மிச்சப்படுத்த வந்த நாங்கள் ஒரே இரவில் ஒரு தொட்டி நீரை வீணாக்கியிருந்தோம். மோட்டாரைப் போட்டு நீர் ஏறுவதற்குள் ஜமாஅத் நேரம் வந்துவிட்டது. சிலர் பக்கத்து வீடுகளில் உளூச் செய்துவந்தார்கள். பல ஆண்டுகளாக முதல் தக்பீரைத் தவறவிடாத ஒரு முதியவர், நடந்து வீடு திரும்பி உளூச் செய்து வருவதற்குள் முதல் ரக்அத் முடிந்திருந்தது. அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சொல்லாமல் விட்டது

தொழுகைக்குப் பின் முத்தவல்லி வந்து பார்த்தார். தகட்டைக் கழற்றியதும் பிளந்த எல்போ தெரிந்தது. “கடைக்காரன் மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான்” என்று ஒருவர் சொன்னார். “இப்போதெல்லாம் எதில்தான் தரம் இருக்கிறது” என்று இன்னொருவர் சொன்னார். எங்களில் ஒருவர் தலையசைத்தார். மற்ற மூவரும் தலை குனிந்திருந்தோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. பொய் எங்கள் முன்னால் வந்து அமர்ந்தபோது அதற்கு இடம் கொடுத்தோம்.

காலையில் பிளந்த எல்போவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் நம் மார்க்கத்தவர் அல்லர். எல்போவை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் எங்கிருந்து தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனையோ எல்போக்களைப் பார்த்தவர். ஆயினும், “பள்ளிவாசல் வேலைதானே? வேறொன்று எடுத்துக்கோங்க பாய், காசு வேண்டாம்” என்று புதியதை எடுத்து வைத்தார்.

கடையை விட்டு வெளியே வந்து நெடுநேரம் சாலையோரம் நின்றோம். குழாயை உடைத்தது ஒரு தவறு. கைத்தவறு என்று அதை விட்டுவிடலாம். ஓசையைக் கேட்டும் கேளாததுபோல் எழுந்தது இரண்டாவது. அங்கில்லாத ஒருவர்மேல் பழி விழுந்தபோது வாய்திறவாமல் இருந்தது மூன்றாவது. அது அடியான்மீது செய்த அநீதி. அடியானின் உரிமையை அடியானிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் பாடம். எலுமிச்சை வியாபாரி நண்பர்தான் முதலில் சொன்னார்: “சந்தையில் என் காயைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் நான் என்ன ஆவேன்?”

திரும்பக் கடைக்குள் சென்று நடந்ததைச் சொல்லி, இரண்டு எல்போக்களுக்கும் உரிய விலையைக் கொடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “தெரியும்” என்றார். அஸர் தொழுகைக்குப் பின் இமாம் அவர்களின் அனுமதியோடு எழுந்து நின்று, சாமானில் குறையில்லை, குறை எங்கள் கையில் என்று ஜமாஅத்தின் முன் சொன்னோம். வீணான நீருக்கான மின்செலவை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். திண்ணையிலிருந்த பம்புசெட் பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, “இறுக்கத் தெரிஞ்சவன் நிறைய பேர் இருக்கான் தம்பி. எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் மெக்கானிக்” என்றார்.

நிறுத்தும் இடம்

செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்னும் கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியை நாம் அறிவோம். எல்லாவற்றிலும் இஹ்ஸான் விதிக்கப்பட்டுள்ளது என்று முஸ்லிமில் வரும் நபிமொழி, அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்வது வரை இறங்கி வருகிறது. செம்மை என்றால் முழு பலத்தையும் போடுவது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மார்க்கம் எளிது என்றும், அதனோடு மல்லுக்கட்டிக் கடினமாக்கிக்கொள்பவர் தோற்றுப்போவார் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. வணக்கத்திலும் ஒரு சுற்று அதிகம் உண்டு. பிள்ளைகளைத் தொழச் சொல்வதிலும், வீட்டாரைத் திருத்துவதிலும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் நம் கருத்தை நிலைநாட்டுவதிலும், சரியாக இறுகி நின்றதை இன்னும் நேராக்குகிறேன் என்று நீண்ட கைப்பிடியைச் செருகுகிறோம். உள்ளே எழும் சிறு ஓசையைக் கேட்டும் தகட்டை மூடிவிட்டு எழுந்துபோகிறோம். நீர் இரவில்தான் கசிகிறது.

வீட்டில் இவ்வேலையைச் செய்ய எண்ணும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். பிளாஸ்டிக் எல்போவில் கையால் இறுகும்வரை திருகி, பின் சிறிய ரெஞ்சால் ஒன்று முதல் இரண்டு சுற்றுகளோடு நிறுத்துங்கள். வாய் நேராக நிற்கவில்லையென்றால் கழற்றி டேப்பை மாற்றிச் சுற்றுங்கள்; பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தாதீர்கள். எல்போவை ஒரு கை பிடிக்க, குழாயை மறுகை திருப்பட்டும். ஓசை கேட்டால் அப்போதே திறந்து பாருங்கள். தொட்டி நிரம்பிய அழுத்தத்தில் ஓரிரவு சோதிக்காமல் சுவரை மூடாதீர்கள்.

ஏழாவது குழாயை மீண்டும் மாட்டினோம். இம்முறை இரண்டடிக் குழாயைப் பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டோம். ரமளான் முதல் நாள் மீண்டும் வாளி வைத்து அளந்தபோது, அதே நண்பரின் உளூவுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் செலவானது. முத்து அளவு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. எஞ்சிய தொலைவைக் கடக்கக் குழாய் உதவாது. மனம்தான் கடக்க வேண்டும்.

ஓர் இறைநம்பிக்கையாளர் மற்றோர் இறைநம்பிக்கையாளருக்குக் கட்டடத்தைப் போன்றவர், ஒன்றின் பகுதி மற்றொன்றுக்கு வலுவூட்டும் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், தம் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார்கள். மரையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தக் கோத்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன. கோத்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, நெரிப்பதில்லை.

வல்ல அல்லாஹ் நம் வேலைகளில் செம்மையையும், நம் கைகளுக்கு அளவையும், தவறியபோது அதை ஒப்புக்கொள்ளும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.